எனக்கு மட்டும் தெரியாத விருந்து

சரவணனுக்கு,

நேற்று சாயங்காலம் உன் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அக்டோபர்ல வெச்சிருக்காங்களாம். நீங்க வருவீங்களான்னு சரவணன் கேக்கச் சொன்னான்" என்றாள். நான் டிவியை அணைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் கல்யாணத்துக்கு நான் வருவேனா மாட்டேனா என்று என்னிடம் கேட்க நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நீ அரை மணி நேரம் அவளோடு போனில் இருந்தாய். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வந்த எரிச்சலில் அப்போதே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் குரலை உயர்த்துவேன், நீ "ஓகேப்பா, ஓகேப்பா" என்பாய், இரண்டு நிமிடத்தில் போன் அம்மா கைக்குப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் இத்தனை பக்கம் வாசிக்க உனக்கு நேரமாகும். ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரு பலனாவது இருக்கட்டும்.

மார்ச் மாதம் நாங்கள் கலிஃபோர்னியா வந்த அந்த நாலு நாளைப் பற்றி நீயும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கம்ப்யூட்டர்களில் 2000-ஆம் வருஷத் தேதிக் கோளாறைச் சரிசெய்யும் ஒய்டூகே வேலை முடிந்து, இரண்டு வருஷமாக எடுக்காத லீவை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு, மகன் இருக்கும் ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷமாகத்தான் விமானம் ஏறினேன். உன் அப்பார்ட்மெண்டில் இன்னும் இரண்டு பையன்கள் இருந்ததால் எங்களுக்கு சன்னிவேலில் ஒரு மோட்டலில் ரூம் போட்டிருந்தாய். இரண்டாம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். பாலம், கடற்கரை, காற்று. நான் அங்கேயே ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது காரில், "இன்னிக்கு டின்னர் வெளியிலப்பா. ஜாப்பனீஸ் ப்ளேஸ். என் ஃப்ரெண்டும் அவ பேரண்ட்ஸும் வர்றாங்க" என்றாய். நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "யாரு அவங்க?" என்று கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஃப்ரெண்டோட ஃபேமிலிப்பா" என்றாய். அந்த இடத்தில் நீ இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஃப்ரீவேயில் நாற்பது நிமிடம் இருந்தது உனக்கு.

மோட்டலில் உன் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டது. ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்கு எதற்கு இது என்று கேட்டேன். "நல்ல ஹோட்டல்னு சொன்னானே. நீங்களும் வேற சட்டை போட்டுக்குங்களேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அந்த டீ ஷர்ட்டோடும் தொப்பியோடும் கழுத்தில் தொங்கிய கேமராவோடும்தான் வந்தேன். அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னை அந்தக் கோலத்தில் காரில் ஏற்றினாள். அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை அவளிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன்.

சான் ஹோசேயில், ஜப்பான்காரர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், மரக் கதவு போட்ட சின்ன இடம். உள்ளே நுழைந்ததும் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். நான் கழற்றியதும் கடற்கரை மணல் ஒரு கைப்பிடி அந்தப் பளபளப்பான பலகைத் தரையில் கொட்டியது. ஜப்பானிய கிமோனோ அங்கி கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி சின்னத் துடைப்பம் கொண்டுவந்து பெருக்கி எடுத்தாள். தனி அறை. கோரைப்பாய் விரித்த தரை, தாழ்வான மேஜை, அதற்கடியில் காலைத் தொங்கவிட ஒரு பள்ளம். உன் ஃப்ரெண்டின் அப்பா திரு. ஹயாஷி பழைய கோட்டும் டையுமாக எழுந்து நின்று குனிந்து வணங்கினார். அவர் மனைவியும் அப்படியே. அவர்கள் மகள் நவோமி கை கூப்பி, "வணக்கம் மாமா, வணக்கம் அத்தை" என்றாள். அழகாகச் சொன்னாள். நான் "வெரி குட், வெரி குட்" என்று அவள் தோளில் தட்டினேன். இந்த நாட்டில் இருபத்தோரு வருஷமாக எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நான் அங்கிள்தான். இவள் மாமா என்கிறாளே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யாரோ வேடிக்கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஹயாஷியின் மனைவி, ஊதாத் துணியில் முடிச்சிட்டுக் கட்டிய ஒரு பெட்டியை இரண்டு கையாலும் உன் அம்மாவிடம் நீட்டினாள். உன் அம்மா தன் பையிலிருந்து ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். நியூ ஜெர்சியிலிருந்து அவள் அதை எடுத்து வந்ததே எனக்குத் தெரியாது. நான் கையில் கேமராவை வைத்துக்கொண்டு, "ஃபோட்டோ எடுக்கவா?" என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பெண் வீட்டாரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இல்லை, ஒரு முழம் பூ இல்லை. உன் தாய்மாமன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பழத்தட்டில் ஒன்று குறைகிறது என்று நடுவழியில் வண்டியை நிறுத்திக் கடைக்கு ஓடியவன் நான். என்னைப் போய் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெறுங்கையோடு உட்கார வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் செய்தது என் தப்பு. அதை மறைக்கவில்லை. டீ வந்தது, பால் சர்க்கரை கேட்டேன். மூடி போட்ட கறுப்புக் கிண்ணத்தில் சூப் வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினேன். ஜப்பான்காரர்கள் சூப்பில் மீன் இல்லாமல் இருக்காது என்று ஆபீசில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ என் பக்கம் குனிந்து, "அப்பா, நீங்க சாப்பிடலாம். எல்லாம் சொல்லியாச்சு" என்றாய். "நீ சொன்னதைக் கேட்டு ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்தது, உன் முகம் மாறியது. நாம் ஹூஸ்டனுக்குக் காரில் போன வருஷம், டென்னசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பான்கேக்கில் முட்டை கிடையாது என்று நீ சொன்னாய். பாதி தின்ற பிறகு முட்டை இருக்கிறது என்று அந்தக் கடைக்காரி சொன்னாள். உனக்குப் பதினாறு வயது. பசியில், எனக்காக இன்னொரு கடை தேடி அலைய வேண்டாம் என்று நினைத்திருப்பாய். பார்க்கிங் லாட்டில் அத்தனை பேர் முன்னால் உன்னை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது எனக்கு மறக்கவில்லை. ஹூஸ்டன் போய்ச் சேரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை.

வேக வைத்த கத்திரிக்காய் வந்தது, டோஃபு வந்தது, ஒரு இலையில் ஏதோ கிழங்கு வந்தது. ஒவ்வொன்றையும் ஒரு அங்குலம் தள்ளி வைத்தேன். திரு. ஹயாஷி தன் தட்டைப் பார்க்கவே இல்லை, என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரிமாறிய பெண்மணியிடம் வெறும் சாதமும் தயிரும் கேட்டேன். தயிர் இல்லை, சாதம் வந்தது. உன் அம்மாவிடம், "ஊறுகாய் பாக்கெட்டை எடு" என்றேன். "இன்னிக்கு வேண்டாங்க" என்றாள் அவள். நானே அவள் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பிரித்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனை அந்த அறை முழுக்கப் பரவியது.

அப்போதுதான் திரு. ஹயாஷி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் கேட்டார். "நாம் இனி ஒரே குடும்பம். தயவுசெய்து சொல்லுங்கள். சாப்பாடு சரியில்லையா?"

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். "என்ன குடும்பம்? என்ன சொல்றார் இவர்?"

"ஏங்க, மெதுவா. அவங்க பொண்ணுதாங்க. நம்ம சரவணன் கட்டிக்கப் போற பொண்ணு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் ஊறுகாய் பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "தீபாவளிக்கு" என்றாள்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நவோமி உன்னைப் பார்த்த பார்வையை நீ கவனித்திருப்பாய். அவளிடமும் நீ எனக்குச் சொல்லியாயிற்று என்றுதான் சொல்லியிருந்தாய் என்று எனக்குப் பட்டது. அந்த மேஜையைச் சுற்றி ஆறு பேர். ஐந்து பேர் கல்யாண விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் டூர் வந்திருந்தான்.

நான் எழுந்து வெளியே வந்து, ஷூ வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ பின்னாலேயே வந்தாய். "ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன். நீ சொன்ன பதில்தான் இந்த மூன்று மாதமாக என்னைத் தின்கிறது. "நீங்க கத்துவீங்கப்பா. ரெஸ்டாரண்ட்ல கத்த மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் இங்க வெச்சோம்." ஒரு மனுஷன் கத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இடம் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். வெடிக்கிற பொருளை எந்த அறையில் வைப்பது என்று யோசிப்பது போல. நான் கார் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வெளியே வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. கத்தவில்லை. அவர்கள் மகளுக்காக வைத்த விருந்திலிருந்து எழுந்து போனேன். கத்தியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் மோட்டல் வாசலில் காகிதக் கோப்பையில் காபியோடு நின்றிருந்தேன். ஒரு பழைய பிக்கப் ட்ரக் வந்து நின்றது. திரு. ஹயாஷி இறங்கினார், ரப்பர் பூட்ஸ், சேறு ஒட்டிய பேண்ட். அவர் பூப் பண்ணை வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ட்ரக்கின் பின்னால் வாளி வாளியாகச் சாமந்தி. அதில் ஒரு கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும். என் மகன் எனக்குச் சொல்லவில்லை" என்றேன். "தெரியும். நேற்று பார்த்தேன்" என்றார். மனசில் உள்ளதைச் சொல்ல இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அளவோடுதான். அது வசதியாகத்தான் இருந்தது, சுற்றி வளைக்க முடியவில்லை.

அவர் சொன்னார், விருந்துக்கு முந்தின திங்கட்கிழமை அவரே அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். அவர்கள் சூப்புக்கு அடிப்படையே காய்ந்த மீனைச் சீவிப் போட்டு இறக்கும் தண்ணீர்தானாம். எல்லாக் காய்கறியும் அதில்தான் வேகும். அது இல்லாமல் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முடியாது, ருசி இருக்காது என்றிருக்கிறார் சமையல்காரர். இவர் விடவில்லை. கடல்பாசியும் காய்ந்த காளானும் போட்டுச் செய்ய வைத்து, தானே குடித்துப் பார்த்து, சரியில்லை என்று இரண்டாம் தடவை செய்ய வைத்திருக்கிறார். "நீங்கள் குடிக்கவில்லை" என்றார். குற்றம் சொல்லவில்லை அவர். "நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். எனக்கு மீன் போட்டது பழகிவிட்டது, என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை" என்றார். சரவணா, "சொல்லியாச்சு" என்று நீ சொன்னதற்கு இவ்வளவு அர்த்தம் இருந்திருக்கிறது. "அவரே போய் உங்களுக்காகச் செய்ய வெச்சிருக்காருப்பா" என்று நீ சொல்லியிருந்தால் நான் அந்தக் கிண்ணத்தை வழித்துக் குடித்திருப்பேன்.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். நவோமி உன்னைப் பற்றி முதலில் சொன்னது இந்த ட்ரக்கில் வைத்துத்தானாம். இவர் வண்டியை நிறுத்தி, இறங்கு என்று சொல்லியிருக்கிறார். அவள் இறங்கி இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்து, கையைக் கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாளாம். நான்கு நாள் சொன்னாளாம். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவரும் என்னைப் போன்ற ஆள்தான். ஆனால் அவர் மகள் திரும்பி வந்து அவரிடமே சொன்னாள்.

நீ ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் நானே எழுதுகிறேன். காலேஜ் இரண்டாம் வருஷம், மெடிசின் வேண்டாம், கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டேன் என்று என் ஆபீசுக்குப் போன் பண்ணினாய். பார்சிப்பனி ஆபீஸ், என் பக்கத்து டெஸ்க்கில் ஆட்கள். நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஏழு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ வீட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் உன் குரல் கேட்டதும் ரிசீவரை ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவிடம் நீட்டுவேன். முதலில் நீ "அப்பா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பார்த்தாய். மூன்றாவது வாரத்திலிருந்து எடுத்ததும் "அம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாய். அந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியவன் நான். ஏழு வாரத்துக்குப் பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. உனக்கு வேலை கிடைத்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கலிஃபோர்னியா போவதையும் அவள்தான் சொன்னாள். உன் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை, தையல் பிரித்த பிறகு சொன்னாள்.

அதற்காகத் தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிவிட மாட்டேன். அப்படி எழுதினால் உனக்கு வசதியாக இருக்கும். பத்தொன்பது வயதுப் பையன் பயந்து ஒளிந்தால் அது அப்பன் தப்பு. இருபத்தாறு வயதில், ஒரு பெண்ணின் அப்பாவைக் கோட்டு போட வைத்து உட்கார்த்திவிட்டு, உன் அப்பாவைத் தொப்பியோடு எதிரில் உட்கார வைத்தாயே, அது உன் தப்பு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லாரையும் அவமானப்படுத்தினாய். நவோமியையும் சேர்த்து. நாளைக்கு உனக்கு வீட்டில் ஒன்று சொல்லக் கஷ்டமாக இருக்கும்போது, நல்ல இடம், நல்ல நேரம், நடுவில் ஒரு ஆள் என்று தேடாதே. நேராகப் போய் அவளிடம் சொல். அவள் கத்தினால் கத்தட்டும். நாளைக்கு உன் பிள்ளை உன்னிடம் வந்து உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால், உள்ளே என்ன கொதித்தாலும் முகத்தைத் திருப்பாதே. கத்தினால்கூடப் பிள்ளைகள் மறந்துவிடும். பேசாமல் இருந்தால் மறக்காது. இது எனக்கு ஐம்பத்தாறு வயதில், அடுத்தவர் ட்ரக் பக்கத்தில் நின்று தெரிந்தது.

நான் வருகிறேன். இது உன் கேள்விக்குப் பதில். கோட்டு போட்டுக்கொண்டு, தட்டு நிறைய வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு, முதலில் ஹயாஷி வீட்டுக்குப் போவேன். அதற்கப்புறம்தான் மண்டபமோ கோவிலோ, நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கே. அவருக்குத் தனியாக ஒரு கடிதம் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். நாலு வரிதான், நாலு நாள் ஆனது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றினேனோ என்று இப்போது தோன்றுகிறது. போன செவ்வாய்க்கிழமை என் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒய்டூகே முடிந்துவிட்டது, பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் ஆட்கள் இத்தனை பேர் தேவையில்லை என்று சொன்னார். ஜூலை கடைசியோடு எனக்கு வேலை இல்லை. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், நானும் "சரி" என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் எப்போதும் போல வீட்டுக்கு வந்து, எப்போதும் போலச் சாப்பிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருக்கிறேன். கல்யாண நேரம், அவர்களுக்கு எதற்குக் கவலை, பிறகு நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ உனக்குச் சொல்லிக்கொண்டதும் இதே வார்த்தைகளாகத்தான் இருந்திருக்கும். இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது, சரவணா. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

அப்பா